உண்ணிக்கு மாத்திரையா, சொட்டு மருந்தா, கழுத்துப்பட்டையா?

போன தீபாவளிக்கு ஈப்போவில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டு வந்த மூன்றாம் நாள் அது. ஹாலில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டியில் தாளைக் கிழிக்கப் போனேன். நாட்காட்டிக்கு மேலே, சுவரும் கூரையும் சேரும் மூலையை நோக்கி, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக ஏதோ மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். எட்டுக் கால். நாட்காட்டி அட்டையைத் தூக்கினால் பின்னால் இன்னும் நான்கு. அதில் ஒன்று சாம்பல் நிறத்தில் ஆமணக்குக் கொட்டை மாதிரி உப்பி, நகர முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. இரத்தம் குடித்து முடித்து, முட்டையிட இடம் தேடி ஏறிய பெண் உண்ணி.

எங்கள் வீடு உட்லண்ட்ஸில் பதினோராவது மாடி. இவ்வளவு உயரத்துக்கு உண்ணி எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். மணிதான் சுமந்துகொண்டு வந்திருக்கிறான். அவன் சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது இந்த ஊர்க் கலப்பு நாய். நாங்கள் ஈப்போவில் இருந்த ஐந்து நாளும் அவனை நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஓரிடத்தில் விட்டிருந்தோம். அங்கே வரும் எல்லா நாய்களுக்கும் மருந்து போட்டிருக்கும் என்றார்கள். நானும் நம்பினேன். மணியின் சொட்டு மருந்துத் தவணை நாங்கள் கிளம்பிய அன்றுதான் முடிந்தது. ஊரிலிருந்து வந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மணி சாப்பாட்டுத் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். வழக்கமாக ரோஜா நிறத்தில் இருக்கும் ஈறு, கழுவிய அரிசி மாதிரி வெளுத்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் எர்லிக்கியா என்று வந்தது, உண்ணி கடித்துப் பரவும் ஒரு கிருமி அது. இங்கே எல்லாரும் 'டிக் ஃபீவர்' என்று சொல்வது பெரும்பாலும் இதையோ, உண்ணியே பரப்பும் இன்னொரு கிருமியான பபீசியாவையோதான். இரத்தத் தட்டணுக்கள் பாதிக்கும் கீழே போயிருந்தன. இருபத்தெட்டு நாள் டாக்சிசைக்கிளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம். பிழைத்துக்கொண்டான்.

அந்த இருபத்தெட்டு நாளில் படித்ததும், டாக்டரிடம் கேட்டதும், பிறகு அக்கா வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் அவரவர் நாய்க்கு மருந்து தேர்ந்தெடுக்க உதவியபோது புரிந்ததும்தான் இந்தக் கட்டுரை. மூன்று வீட்டுக்கும் மூன்று வெவ்வேறு விடை வந்தது. அதனால் 'எது பெஸ்ட்' என்று ஒரே பெயரைச் சொல்ல என்னால் முடியாது. உங்கள் வீட்டில் பூனை இருக்கிறதா, நாய் எத்தனை முறை குளிக்கிறது, அதற்கு வலிப்பு வந்ததுண்டா, தவணை தேதியை ஞாபகம் வைத்திருப்பது யார்? இந்த நான்கையும் சொன்னால் பாதி முடிவு வந்துவிடும்.

முதலில் எதிரி யார் என்று தெரிய வேண்டும்.

இங்கே நம் நாய்களைப் பிடிப்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. உண்ணி என்றால் புல்வெளி, காடு என்றுதான் நமக்குத் தோன்றும். இந்த உண்ணிக்கு வீடுதான் பிடித்த இடம். முட்டையிலிருந்து வரும் குஞ்சு நாயின் மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டு இறங்கும். தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போய் மறுபடி ஏறும், இறங்கும். முழு வளர்ச்சி அடைந்த பிறகு மூன்றாவது முறை ஏறும். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அது ஒளிந்துகொள்வது நம் வீட்டுச் சுவர் விரிசலில், கதவு நிலைக்குப் பின்னால், சோபாவின் அடித்துணியில். மேல்நோக்கி ஏறுவது அதன் பழக்கம், அதனால்தான் நாட்காட்டிக்குப் பின்னால் கிடைத்தது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சாப்பாடே இல்லாமல் பல மாதம் உயிரோடு இருக்கும். 'எங்கள் நாய் சிமெண்டுத் தரையில்தான் நடக்கிறது, புல்லுக்கே போகாது' என்று நிம்மதியாக இருப்பவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

தெள்ளுப்பூச்சியின் கதை வேறு. வளர்ந்த தெள்ளு நாயின் மேலேயே குடியிருக்கும், ஆனால் முட்டைகள் உதிர்ந்து தரையில் விழும். ஒரு பெண் தெள்ளு நாளைக்கு நாற்பது, ஐம்பது முட்டை இடும். நாய் மேல் நாம் பார்ப்பது மொத்தக் கூட்டத்தில் இருபதில் ஒரு பங்குதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பாயில், மெத்தையில், சோபா இடுக்கில் இருக்கும். குளிர்காலம் உள்ள நாடுகளில் இவற்றுக்கு ஓய்வுக்காலம் உண்டு. நமக்கு வருடம் முழுவதும் வெயிலும் புழுக்கமும்தான், அதனால் சீசன் பார்த்து மருந்து போடும் யோசனை இங்கே எடுபடாது. பன்னிரண்டு மாதமும் போட வேண்டும்.

தெள்ளு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒன்று செய்யுங்கள். வால் தொடங்கும் இடத்தில் சீப்பால் வாரி, வரும் கருப்புத் துகள்களை நனைத்த வெள்ளை டிஷ்யூவில் போடுங்கள். மண்ணாக இருந்தால் கருப்பாகவே இருக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் சுற்றிலும் செம்பழுப்பாகக் கசியும், ஏனென்றால் அது செரித்த இரத்தம். அக்கா வீட்டு நாய் புஜ்ஜிக்கு இப்படித்தான் கண்டுபிடித்தோம். அதற்குள் பின்பக்கத்தில் அரிசி மாதிரித் துணுக்குகளும் வந்திருந்தன. தெள்ளைக் கடித்து விழுங்கினால் வரும் நாடாப்புழு அது. அதற்குத் தனியாகப் புழு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, மருந்துக்கு வருவோம்.

மாத்திரை

இப்போது அதிகம் கொடுக்கும் மெல்லும் மாத்திரைகள் 2013 வாக்கில்தான் சந்தைக்கு வரத் தொடங்கின. அஃபாக்சோலனர், ஃபுளூரலனர், சரோலனர், லோட்டிலனர் என்று நான்கு மருந்துகள். கடையில் நெக்ஸ்கார்ட், பிரவெக்டோ, சிம்பாரிகா, கிரெடெலியோ என்ற பெயர்களில் பார்த்திருப்பீர்கள். நான்கும் ஐசாக்சசோலின் என்ற ஒரே குடும்பம். பிரவெக்டோ மாத்திரை மட்டும் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒன்று, மற்றவை மாதம் ஒன்று. மருந்து குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகிறது. தெள்ளோ உண்ணியோ கடித்து உறிஞ்சும்போது மருந்தும் சேர்ந்து உள்ளே போய் அதன் நரம்புகளைத் தாக்குகிறது. தெள்ளு சில மணி நேரத்திலும், உண்ணி ஒன்று இரண்டு நாளிலும் சாகும்.

இதன் பெரிய பலம், குளித்தாலும் நீந்தினாலும் மழையில் நனைந்தாலும் ஒன்றும் கரையாது. நம் ஊரில் நாய் குளிப்பது அதிகம். மாலை நடைக்குப் போய் வந்தாலே சேறு, வியர்வை நாற்றம், உடனே ஷாம்பு. வாரம் ஒரு முறை குளிப்பாட்டும் வீட்டில் மேலே பூசும் எந்த மருந்தும் பெட்டியில் போட்டிருக்கும் காலம் வரை தாங்குமா என்பது சந்தேகம்தான். மாத்திரைக்கு அந்தக் கவலை இல்லை. கையில் எண்ணெய் ஒட்டுவதில்லை, குழந்தைகள் நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கலாம்.

பலவீனம் என்ன? பூச்சி கடித்தால்தான் மருந்து வேலை செய்யும். தெள்ளுக்கு அது பெரிய குறையில்லை. உண்ணிக்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. எர்லிக்கியா கிருமியை உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே நாய்க்குக் கடத்திவிட முடியும். பபீசியா கடத்தப் பொதுவாக ஒன்று இரண்டு நாளாவது ஆகும், அதற்குள் மாத்திரை உண்ணியைக் கொன்றுவிட வாய்ப்பு அதிகம். மாத்திரை கொடுக்கும் நாய்க்கு உண்ணி பெருகாது, வீட்டில் கூட்டம் வளராது, கடிபடும் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே போகும். ஆனால் முதல் கடியைத் தடுக்கும் வேலையை மாத்திரை செய்யாது. இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று வலிப்பு. 2018 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தக் குடும்பம் முழுவதுக்கும் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சில நாய்களுக்கு நடுக்கமோ, தள்ளாட்டமோ, வலிப்போ வரலாம் என்றது. பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானவை என்றும் அதே அறிக்கையில் சொன்னது. மருந்தைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே வலிப்பு வந்த நாய்க்குக் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்பதுதான் நமக்கு இதில் உள்ள செய்தி.

மாதம் ஒன்றா, மூன்று மாதத்துக்கு ஒன்றா என்றால் நான் மாதம் ஒன்று பக்கம். மூன்று மாதக் கணக்கு கேட்க வசதியாக இருக்கிறது. ஆனால் ஒவ்வாமை வந்தால் அந்த மருந்து அத்தனை நாளும் உடம்பில் இருக்கும், எடுத்து வெளியே போட முடியாது. வளரும் குட்டியாக இருந்தால் எடை மாறிக்கொண்டே போகும், இந்த மாத அளவு அடுத்த மாதம் போதாது. தவிர, ஒவ்வொரு மாதமும் ஒரே தேதி என்றால் கை தானாகவே பழகிவிடும். இது என் விருப்பம். வருடத்தில் நான்கு நாள் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம் என்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் சரிதான்.

மாத்திரைகள் நாயின் எடைக்கு ஏற்ப விற்கப்படுகின்றன. நெக்ஸ்கார்டில் 2 முதல் 4 கிலோ, 4 முதல் 10, 10 முதல் 25, 25 முதல் 50 என்று பிரிவுகள் உண்டு. பெரிய நாய்க்கான மாத்திரையை வாங்கி இரண்டாக உடைத்துச் சின்ன நாய்களுக்குக் கொடுத்துக் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மருந்து மாத்திரை முழுவதும் சமமாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பாதியில் அதிகமாகவும் மறு பாதியில் குறைவாகவும் போய்விடும். எட்டு வாரம் ஆகாத குட்டிக்கும் எடை மிகக் குறைந்த நாய்க்கும் கொடுக்கும் முன் பெட்டியில் உள்ள வயதையும் எடையையும் பாருங்கள்.

நம் வீடுகளுக்காக ஒரு சின்ன விஷயம். மெல்லும் மாத்திரைகளில் சிலவற்றுக்கு மாட்டிறைச்சிச் சுவையோ பன்றி ஈரல் சுவையோ சேர்ப்பார்கள். அதைக் கையால் தொட விருப்பமில்லாத வீடுகள் உண்டு, என் மாமியார் வீடும் அப்படித்தான். பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள், டாக்டரிடம் வெளிப்படையாகச் சொன்னால் வேறு ஒன்றைக் காட்டுவார்.

சொட்டு மருந்து

தோள்பட்டைகளுக்கு நடுவே முடியை இரண்டாகப் பிரித்து, தோல் தெரியும் இடத்தில் குப்பியைக் கவிழ்த்து விடுகிறோமே, அது. ஃபிரண்ட்லைனில் இருக்கும் ஃபிப்ரோனில் தோலின் எண்ணெயோடு சேர்ந்து உடல் முழுவதும் பரவி, எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். பூச்சி கடிக்காமலேயே அதன் உடலில் பட்டுக் கொல்லும். அட்வான்டிக்ஸ் வகையில் இமிடாகுளோபிரிடுடன் பெர்மெத்ரினும் உண்டு. பெர்மெத்ரின் உண்ணியையும் கொசுவையும் நாயை அண்டவிடாமல் விரட்டும். எர்லிக்கியாவைப் பற்றி மேலே சொன்னதை யோசித்தால் இந்த விரட்டும் குணம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

பிறகு ஏன் எல்லாரும் இதையே போடக் கூடாது? முதல் காரணம் குளியல். சொட்டு விடும் முன்பும் பின்பும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. முன்பு ஷாம்பு போட்டால் தோலில் எண்ணெய் இருக்காது, மருந்து பரவ வழி இல்லை. பின்பு போட்டால் மருந்தே போய்விடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாயைப் பளபளவென்று குளிப்பாட்டி, துவட்டி, உடனே மருந்து விடுகிறார்கள். பிறகு மருந்து வேலை செய்யவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். அடுத்த தவறு, முடியின் மேல் விடுவது. அடர்ந்த முடி உள்ள நாய்க்கு இரண்டு கை போதாது, ஒருவர் முடியைப் பிரித்துப் பிடிக்க இன்னொருவர் விட வேண்டும். குப்பியின் நுனி தோலில் பட்டு, எண்ணெய் மினுமினுப்பு தோல் மேலேயே தெரிந்தால் சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது காரணம் பூனை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் 2024 செப்டம்பர் 1 முதல் பூனை வளர்க்க அனுமதி வந்துவிட்டது. நாயும் பூனையும் சேர்ந்து இருக்கும் வீடுகள் இனி கூடும், அதனால் இது எல்லாருக்கும் தெரிய வேண்டும். பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். நாயின் உடல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும், பூனையின் உடலால் அப்படி முடியாது. நடுக்கம், வலிப்பு, உயிரே போகலாம். பூனைக்கு நேரடியாக விட்டால்தான் ஆபத்து என்றில்லை. மருந்து காயாத நாயோடு பூனை உரசிப் படுத்தாலும், நாயின் முதுகை நக்கினாலும் போதும்.

என் அக்கா செங்காங்கில் இருக்கிறாள். புஜ்ஜி என்று ஐந்து கிலோ ஷிட்சு, போன வருடம் சேர்ந்த பூனை மின்மினி. இரண்டும் ஒரே கூடையில்தான் தூங்கும். ஒரு நாள் இரவு போன் செய்தாள். 

"பெட்டியில பூனை படத்துக்கு மேல குறுக்குக் கோடு போட்டிருக்கே, அது என்னடி?" 

"அக்கா, குப்பியை உடைச்சிட்டியா?" 

"இல்லை, இப்பத்தான் கத்தரிக்கோல் எடுத்தேன்." 

"கீழே வை. நாளைக்கு டாக்டர்கிட்டக் கேட்டுட்டுப் பார்த்துக்கலாம்." 

அந்தக் குறுக்குக் கோட்டை அவள் பார்க்காமல் இருந்திருந்தால் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

புஜ்ஜி வாரா வாரம் முடி திருத்தும் கடையில் குளிக்கிறாள், வீட்டில் பூனையும் இருக்கிறது. அக்காவுக்கு மாதாந்திர மாத்திரைதான் என்பதில் டாக்டருக்கும் எங்களுக்கும் இரண்டாவது யோசனையே வரவில்லை. மின்மினிக்குப் பூனைக்கென்றே உள்ள செலமெக்டின் சொட்டு. வீட்டில் ஒரு பிராணிக்கு மட்டும் மருந்து போட்டால் தெள்ளு மற்றதன் மேல் வாழும், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட வேண்டும்.

கழுத்துப்பட்டை

செரஸ்டோ மாதிரி பட்டைகளில் ஃபுளூமெத்ரினும் இமிடாகுளோபிரிடும் பட்டைக்குள்ளேயே கலந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஏழு, எட்டு மாதம் வரை வேலை செய்யும். உண்ணியைக் கொல்லும், விரட்டவும் செய்யும். எட்டு கிலோவுக்குக் கீழே ஓர் அளவு, மேலே ஓர் அளவு. வாங்கும்போது விலை அதிகமாகத் தோன்றும், எட்டு மாத மாத்திரைச் செலவோடு ஒப்பிட்டால் பெரிய நாய் வைத்திருப்பவர்களுக்குக் குறைவாகவே வரும். அடிக்கடி நீந்தும், குளிக்கும் நாய்க்கு இந்தக் காலம் சுருங்கும். ஐந்து மாதத்தில் மாற்றிவிடுவது நல்லது.

பட்டை வேலை செய்யாததற்கு நான் பார்த்த காரணம் பெரும்பாலும் தளர்வாகக் கட்டுவதுதான். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. தோலில் படாத பட்டை வெறும் அலங்காரம். மிச்ச நீளத்தை வெட்டிவிடுங்கள், இன்னொரு நாய் கடித்து விழுங்க வாய்ப்புண்டு. இணையத்தில் பாதி விலைக்கு வரும் பட்டைகளை வாங்காதீர்கள். போலிப் பட்டைகள் நிறையச் சுற்றுகின்றன, பெட்டி அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். அப்புறம், கைக்குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விளையாடும் வீட்டில் பட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிராங்கூன் பக்கம் தரை வீட்டில் இருக்கிறார் என் சித்தப்பா. அவருடைய லாப்ரடார் ராஜா வாரம் ஒரு முறை நாய்களுக்கான நீச்சல் குளத்துக்குப் போகிறான். நீந்தும் நாய் என்றதும் மாத்திரை என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. 

"ஏம்மா, மாத்திரையைப் போட்டா வேலை முடிஞ்சுதுன்னு நீதானே சொன்னே?" என்றார். 

"அது மணிக்கு, சித்தப்பா. ராஜாவுக்கு ரெண்டு தடவை வலிப்பு வந்திருக்கே. டாக்டரைக் கேக்காம எதுவும் வேண்டாம்." 

டாக்டர் மாத்திரை வேண்டாம் என்றார். நீச்சலால் சொட்டு மருந்து நிற்காது. மிஞ்சியது பட்டை. குளத்துக்குப் போகும்போதும் கழற்றுவதில்லை, ஐந்து மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறார். தோட்டமும் உண்டு என்பதால், ஒவ்வொரு மாலையும் சித்தப்பா ராஜாவைத் திண்ணையில் படுக்க வைத்து, காது மடல், அக்குள், கால் விரல் இடுக்கு, வாலடி என்று கையால் தடவிப் பார்க்கிறார். மூன்று வீட்டில் கஷ்டமான முடிவு இவருடையதுதான். எந்த மருந்தும் முழுமையாகப் பொருந்தவில்லை. பொருந்தாத இடத்தைக் கையால் நிரப்புகிறார்.

தடவும்போது உண்ணி தட்டுப்பட்டால் மெல்லிய நுனி உள்ள இடுக்கியால், தோலை ஒட்டி, அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள். முறுக்க வேண்டாம், வயிற்றைப் பிதுக்க வேண்டாம். தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் தொட்டு வைப்பது எல்லாம் உண்ணியைக் கிருமியோடு உமிழ வைக்கும் வேலை. எடுத்ததை விரலால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போட்டு மூடுங்கள்.

வீட்டு மருந்துகள்

பக்கத்து வீட்டு அம்மா அன்போடு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தார். பூசிக் குளிப்பாட்டினேன். அரிப்புக்கு இதமாக இருந்திருக்கலாம், ஒட்டியிருந்த உண்ணி ஒன்றுகூட விழவில்லை. வேப்பிலைத் தண்ணீரை ஒரு துணையாக வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். பூண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். சோற்றில் பூண்டு கலந்து கொடுத்தால் உண்ணி வராது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணிக் காய்ச்சலால் ஏற்கெனவே இரத்தம் குறைந்த நாய்க்கு அது இன்னும் ஆபத்து. கற்பூரம், டீ ட்ரீ எண்ணெய், மண்ணெண்ணெய் மூன்றும் நாயின் தோலில் படவே கூடாது. உண்ணி ஷாம்பு அன்றைக்கு மேலே இருப்பதைக் கொல்லும், நாளைக்கு வருவதைத் தடுக்காது.

மணிக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் பூனை இல்லை, கைக்குழந்தை இல்லை, மணிக்கு வலிப்பு வந்ததில்லை. ஒரு முறை எர்லிக்கியா வந்துவிட்டதால் கடியையே தடுக்க வேண்டும் என்று டாக்டர் நினைத்தார். மாதம் ஒரு மாத்திரை, கூடவே பட்டை. இரண்டையும் சேர்ப்பதை நீங்களாகச் செய்யாதீர்கள், உங்கள் நாயைப் பார்த்த டாக்டர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். இந்த ஊரில் இந்த நோய் புதிதில்லை என்பதையும் அவர்தான் சொன்னார். 1963-ல் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ நாய்களிடையே இரத்தம் கசிந்து சாகும் ஒரு நோய் பரவியது. பிறகு வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் அதே நோயில் விழுந்தன. இதே எர்லிக்கியாதான் அது.

வீட்டைச் சுத்தம் செய்வது

எந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தாலும் பாதி வேலை வீட்டில்தான் இருக்கிறது. சுவரில் உண்ணியைப் பார்த்த அன்று முதல் இரண்டு வாரம் தினமும் வேக்கும் (தூசி உறிஞ்சும் கருவி) போட்டேன். சோபாவைக் கவிழ்த்து அடித்துணி, கதவு நிலை, ஜன்னல் ஓரம், வீட்டுக் காப்பறையில் அடுக்கியிருந்த பெட்டிகளின் இடுக்கு என்று ஒன்றும் விடவில்லை. வேக்கும் பையை உடனே கட்டிக் குப்பைக் குழாயில் போட்டுவிட வேண்டும், வீட்டில் வைத்தால் திரும்ப ஏறி வரும். மணியின் மெத்தை உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தேன்.

தெள்ளாக இருந்தால் வேக்கும் இன்னும் முக்கியம். கூட்டுப்புழு அதிர்வையும் சூட்டையும் உணர்ந்துதான் வெளியே வரும். ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்ததும் கணுக்காலில் கூட்டமாகக் கடிப்பது அதனால்தான். தெள்ளுக்கு மெதோபிரீன், பைரிப்ராக்சிஃபென் கலந்த வீட்டு ஸ்பிரே முட்டையையும் புழுவையும் வளரவிடாமல் தடுக்கும். உண்ணிக்கு அது உதவாது. பூச்சிக்கொல்லி அடிக்க ஆள் கூப்பிட்டால் மீன் தொட்டி இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்கும் ஆகாது, பூனைக்கும் ஆகாது.

மருந்து போட்டும் ஒரு மாதம் கழித்து உண்ணி தெரிகிறதே என்று பலர் மருந்தை மாற்றிவிடுகிறார்கள். எனக்கும் அந்தப் பதற்றம் வந்தது. சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் முட்டைகளும் குஞ்சுகளும் வளர்ந்து வெளியே வந்து தீர வேண்டும், அதற்கு இரண்டு மூன்று மாதமாகும். வெளியே வருபவை மணியின் மேல் ஏறும், ஏறினால் சாகும். மருந்து போட்ட நாய் வீட்டில் நடமாடுவதே வீட்டைச் சுத்தம் செய்கிறது. அந்தச் சமயத்தில் நாயை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் உண்ணிகள் பட்டினியோடு காத்திருக்கும், நாய் வந்ததும் மறுபடி தொடங்கும். அதனால் மணி எங்களோடேயே இருந்தான்.

நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதித் தாளில் 'மணி மாத்திரை' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பட்டை மாற்ற வேண்டிய தாளில் சிவப்பு மையால். கார்த்திகையில் வாரம் நான்கைந்து உண்ணி பிடித்தோம், மார்கழியில் ஒன்றிரண்டு. கடைசியாகப் பார்த்தது தை மாதக் கடைசியில், சமையலறைக் கதவு நிலைக்குப் பின்னால். காய்ந்து செத்துக் கிடந்தது.